தொழிலுக்குப் போனவரின் கையெழுத்து

"...உங்கள் கணவர் தொழில் புரியும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குச் சென்று..."

"எந்த நாடு? நான் எப்ப நாடு எண்டு சொன்னனான்?"

"...உங்கள் பெயரில் அற்றோணித் தத்துவம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டு..."

"நில்லும், நில்லும். அவர் தொழிலுக்குப் போனவர் எண்டெல்லோ சொன்னனான்!"

"...தபால் மூலம் அனுப்பிவைத்தால், அவருடைய சார்பில் நீங்களே கையொப்பமிடலாம். வேறு உதவி தேவையா?"

"உதவியோ? முதல் வாயை மூடிக்கொண்டு நான் சொல்லுறதைக் கேளும்!"

மேசையில் கிடந்த கைபேசியின் குரலும், அதற்கு முன்னால் கதிரை நுனியில் இருந்த யசிந்தாவின் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. குருநகர்ப் பங்குக் கோயில் மண்டபத்தில் தங்கள் முறைக்குக் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கைபேசியில் கதைத்தது கஜந்தினியின் குரல். அந்தக் கஜந்தினியோ யசிந்தாவுக்குப் பக்கத்திலேயே பேச்சு மூச்சில்லாமல் நின்றாள்.

"பிள்ளை, உது உம்மடை குரலெல்லோ?"

"ஓம் அன்ரி, என்ரை குரல்தான். ஆனா கதைக்கிறது நானில்லை. மெசின்."

"நீர் இஞ்சை நிக்கிறீர். உம்மடை குரல் என்ரை மனுசனைத் தூதரகத்துக்கு அனுப்புது. இதென்ன கூத்து?"

அந்த மெசினுக்குப் பெயர் 'கேட்டுச்சொல்'. சட்டம் படிக்கும் பிள்ளைகள் சொற்களைக் கொடுக்க, அவர்களில் ஒருத்தியான கஜந்தினி குரலைக் கொடுக்க, நீர்வேலியைச் சேர்ந்த வாகீசன் என்ற கணினிக்காரப் பொடியன் அதைச் செய்திருந்தான். எழுதத் தேவையில்லை, வாசிக்கத் தேவையில்லை. வாயால் கேட்டால் அது வாயால் சட்டம் சொல்லும். சனிக்கிழமைகளில் அதைச் சனத்தின் முன்னால் வைத்துப் பரிசோதிப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர் அவர்களின் விரிவுரையாளர் பிரசாந்தி. கரவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் தலைக்கவசத்தோடு வந்து இறங்கும் அவருக்கு, முப்பத்தைந்து வயது என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள், அவரும் ஒரு மாணவி என்றுதான் நினைப்பார்கள். அவருடைய வகுப்பில் வாய்மொழிப் பரீட்சை என்றால் அது பல்கலைக்கழகத்தில் நடக்காது. மாணவர் ஒரு சட்டப் பிரிவை இந்த மண்டபத்தில் மீன் விற்கிற பெண்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். புள்ளி போடுவதும் அந்தப் பெண்கள்தான். போன தவணையில் யசிந்தா ஒரு பொடியனுக்கு, "தம்பி நல்ல வடிவாக் கதைக்கிறார், ஒண்டும் விளங்கேல்லை" என்று சொல்லி அவனைத் திரும்ப வரப்பண்ணினாள்.

அப்படிப் புள்ளி போட வந்தவள்தான் இன்றைக்குத் தன் சொந்தக் கேள்வியோடு வந்திருந்தாள்.

கேள்வி பெரிய சிக்கலானதல்ல. தாய் தகப்பன் சீதனமாகத் தந்த வீடும் வளவும் யசிந்தாவின் பெயரில் இருக்கின்றன. மகள் பிரியந்தினிக்குக் கலியாணம் பேசி, கோயிலில் நாளும் குறித்தாயிற்று. வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனால், இந்தப் பக்கத்துத் தமிழருக்கென்று இருக்கிற தேசவழமைச் சட்டப்படி மனைவியின் சொந்தக் காணியென்றாலும் அதைக் கைமாற்றக் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார். கணவன் கிறிஸ்ரோபர், சண்டைக் காலத்தில் ஒரு விடியப்புறம் தொழிலுக்குப் போனவர். பிரியந்தினி அப்போது தவழ்கிற பிள்ளை. குருநகரில் தொழில் என்றால் ஒன்றுதான் இருக்கிறது. அது கடல்.

வாகீசன் பின்வாங்கில் மடிக்கணினியோடு இருந்தவன் எழும்பி வந்தான்.

"கஜந்தினி, எங்கை பிழைச்சது?"

"தொழில் எண்ட சொல்லிலை பிழைச்சது, அண்ணை. இவை கடலுக்குப் போறதைத்தான் தொழிலுக்குப் போறது எண்டு சொல்லுவினம். உங்கடை மெசின் அவரைச் சவூதிக்கு அனுப்பிப்போட்டுது."

"எங்கடை நீர்வேலியிலை தொழில் எண்டா கந்தோர் உத்தியோகம். வாழைத்தோட்டத்துக்குப் போறவனை ஆரும் தொழிலுக்குப் போறான் எண்டு சொல்லமாட்டினம்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது தம்பி?" என்றாள் யசிந்தா. "நீர்வேலியிலை கடல் இல்லாததுக்கு என்ரை மனுசனோ பொறுப்பு?"

மண்டபம் மறுபடி சிரித்தது. வாகீசனும் சிரித்தான். சிரித்தபடியே அந்தச் சொல்லைத் திருத்தினான். அவனுடைய நல்ல குணம் அது. தன் மெசினை ஒருவர் பிழை சொன்னால் முகம் சுருங்காது. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோ என்று கதிரையை இழுத்துப்போட்டுக் கிட்ட வந்து உட்காருவான்.

"இப்ப ஒருக்காக் கேளுங்கோ, அன்ரி."

யசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு கைபேசியிடம் குனிந்தாள். "என்ரை மனுசன் தொழிலுக்குப் போனவர், வரேல்லை. வீட்டைப் பிள்ளைக்கு எழுதோணும்."

கஜந்தினியின் குரல் மென்மையாகத் தொடங்கியது. "உங்கள் கணவரின் இழப்புக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள். கணவர் இறந்தவிடத்து அவரின் சம்மதம் தேவைப்படாது. முதலில் அவருடைய மரணச் சான்றிதழை..."

யசிந்தா கைபேசியை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். குரல் மேசைப் பலகைக்குள்ளிருந்து இன்னும் கொஞ்சம் கதைத்து ஓய்ந்தது. இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"கஜந்தினிப் பிள்ளை."

"அன்ரி?"

"மெசினை விடும். நீர் என்ரை முகத்தைப் பாத்து உம்மடை வாயாலை சொல்லும் பாப்பம். கிறிஸ்ரோபர் செத்துப்போனார் எண்டு."

கஜந்தினி ஓர் அடி பின்னுக்கு வைத்தாள்.

"மாட்டீர் என்ன? உமக்கே ஏலாது. நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

சுவரோரம் நின்ற பிரியந்தினிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்தப் பத்திரத்தை எத்தினை பேர் எடுத்தவை. மனுசன் திரும்பி வராத றோஸ் அன்ரியும் எடுக்கேல்லையோ? கடதாசிக்குத்தானே. மனசிலை நீங்கள் நினைச்சதை நினையுங்கோவன்."

"றோஸ் எடுக்கட்டும். அது அவளின்ரை மனுசன், அவளின்ரை மனசு. நான் பிழை சொல்லேல்லை."

"அப்ப என்ரை கலியாணம்?"

"அதுக்குத்தானேடி இந்த மெசினோடை மல்லுக்கட்டுறன்!"

"அவர் வந்து கையெழுத்து வைப்பாரெண்டு நான் கிழவியாகுமட்டும் இருக்கிறதோ?"

அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்று பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. துவாயால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு வெளியே போனாள். யசிந்தா பின்னால் போகவில்லை. கவிழ்த்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை," என்றாள் மெதுவாக. "பிள்ளைக்கு வீட்டையும் குடுக்கோணும். அவரைச் சாக்காட்டவும் கூடாது. ரெண்டும் ஒண்டாச் செய்ய உங்கடை சட்டத்திலை இடமிருந்தாச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் மீன் கூடையைப் பாக்கப் போறன்."

வாகீசனும் கஜந்தினியும் மண்டபத்துக் கோடிக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். குசுகுசுப்பு மெல்ல மெல்லச் சத்தமானது.

"நான் என்ன செய்ய, கஜந்தினி? நீர் தந்ததைத்தான் நான் அதுக்குப் படிப்பிச்சனான். மனுசன் வெளிநாட்டிலை எண்டா அற்றோணி, செத்தா மரணச் சான்றிதழ். மூண்டாவது ஒண்டு நீர் தரேல்லை."

"அந்த மனுசிக்கு அனுதாபம் சொல்லச் சொல்லி நானோ தந்தனான்?"

"அது மரியாதைக்குப் போட்டது!"

"உயிரோடை இருக்கிற ஆளுக்கோ?"

"உயிரோடை இருக்கிறார் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"செத்திட்டார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ரெண்டு பேருக்கும் தெரியாது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிரசாந்தி, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். "தெரியாத விசயத்திலை ஏன் ரெண்டு பேரும் இவ்வளவு சத்தம்? கஜந்தினி, தேசவழமைப் பகுதியை எங்கையிருந்து எடுத்துக் குடுத்தனீர்?"

"என்ரை சோதனைக் குறிப்பிலையிருந்து, மிஸ்."

"முழுச் சட்டத்தையும் வாசிக்கேல்லையோ?"

"மற்றப் பிரிவுகள் சோதனைக்கு வாறேல்லை, மிஸ்."

"சோதனைக்கு வராத பிரிவு சனத்துக்கு வராதோ?"

அவர் அதை ஏச்சாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலக் கேட்டார். ஆனால் கஜந்தினியின் காது சிவந்துபோனது. நெல்லியடியில் படித்த காலத்திலிருந்து எல்லாப் பரீட்சையிலும் முதலாவதாக வந்த பெட்டை அவள்.

"விடையை நான் சொல்லமாட்டன்," என்றார் பிரசாந்தி. "இங்கிலீசிலை இருக்கிற பழைய சட்டப் புத்தகம் உம்மடை பையிலை கிடக்கு. அங்கை போய் அந்த மனுசிக்கு முன்னாலை இருந்து வாசியும். தமிழிலை சொல்லிச் சொல்லி வாசியும். அவவுக்கு விளங்காத ஒரு வரியையும் தாண்டிப் போகாதையும்."

கஜந்தினி போய் யசிந்தாவின் எதிரே தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். புத்தகத்தை மடியில் விரித்தாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. பிரிவு பிரிவாக விரல் வைத்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அன்ரி, இஞ்சை ஒண்டு கிடக்கு. சில விதமான மனுசன்மாருக்கு அவையின்ரை கையெழுத்து இல்லாமலே செய்யலாமாம். மாவட்ட நீதிமன்றத்திலை மனுப் போட்டு நீதிபதி ஓம் எண்டாச் சரி."

"என்ன விதமான மனுசன்மார்?"

"முதலாவது, பெண்சாதியைக் கைவிட்டிட்டுப் போனவர்."

"அவரோ? புது வலை வாங்கிறதெண்டாலும் என்னைக் கேக்காமல் வாங்காத ஆள். அடுத்ததைச் சொல்லும்."

"ரெண்டு பேரும் பேசிப் பறைஞ்சு பிரிஞ்சிருக்கிறவர்."

"பேசினனாங்கள், ஏசினனாங்கள். பிரியேல்லை."

"விசர் பிடிச்சவர்."

"கலியாணம் கட்டின புதுசிலை கொஞ்சம் இருந்தது. பிறகு மாறிட்டுது."

காத்திருந்த பெண்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியான றோஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் தோளால் யசிந்தாவை இடித்தாள். கஜந்தினியும் சிரித்தபடியே அடுத்ததை வாசித்தாள்.

"நீண்டகாலத் தண்டனை பெற்றுச் சிறையிலை இருக்கிறவர்."

யசிந்தா கையிலிருந்த செபமாலையைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"அது தெரியாது பிள்ளை," என்றாள் கடைசியில். "இருக்கலாம். அதைக் கேக்கத்தானே எல்லா முகாம் வாசலிலையும் போய் நிண்டனான்."

கஜந்தினியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவசரமாக அடுத்த வரிக்குப் போகப் பார்த்தவள், பிரசாந்தியின் முகத்தைக் கண்டு போகாமல் இருந்தாள். யசிந்தா தானாக நிமிரும்வரை விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். பிறகுதான் வாசித்தாள்.

"இருப்பிடம் தெரியாதவர்."

"என்ன?"

"இருப்பிடம் தெரியாதவர், அன்ரி."

"திருப்பிச் சொல்லும்."

"இருப்பிடம், தெரியாதவர்."

யசிந்தா கதிரையின் நுனியிலிருந்து பின்னால் சாய்ந்தாள். அன்றைக்கு முதற்தடவையாக அந்தக் கதிரையில் முழுதாக இருந்தாள்.

"இருப்பிடம் எண்டா, இருக்கிற இடமெல்லோ?"

"ஓம்."

"அப்ப இருக்கிறார். இடம்தான் தெரியாது. அப்பிடித்தானே அது சொல்லுது?"

கஜந்தினி திரும்பிப் பிரசாந்தியைப் பார்த்தாள். ஓமென்று சொல்லலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. பிரசாந்தி யோசித்துத்தான் வாய் திறந்தார்.

"சட்டம் அவர் இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை, அக்கா. இடம் தெரியாது எண்டு மட்டும் சொல்லுது. உண்மையும் அதுதானே?"

"போதும்," என்றாள் யசிந்தா. "எனக்கு அது போதும். இவ்வளவு காலம் ஆரும் என்னட்டை இந்தச் சொல்லைச் சொல்லேல்லை. றோஸ், உனக்குச் சொன்னவையோ?"

"இல்லையடி," என்றாள் றோஸ். "எனக்கும் ஆரும் சொல்லேல்லை."

அந்தக் கிழமை வாகீசன் நீர்வேலியில் நிற்கவே இல்லை. விடியக் கரைக்கு வந்துவிடுவான். வலையின் சிக்கெடுத்துத் தெரிகிறவர்கள் பக்கத்தில் குந்தியிருந்து அவர்கள் கதைப்பதைப் பதிவு செய்வான். அதற்குக் கூலியாகத் தன் ஊர் வாழைப்பழம் ஒரு சீப்பு அவர்களுக்குக் கொடுப்பான். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிற இன்னாசித்தம்பி என்ற சம்மாட்டி அவனைப் பார்த்து, "தம்பி, எங்கடை கெட்ட வார்த்தையும் உதுக்குள்ளை போகுதோ?" என்று கேட்க, "போகுது அண்ணை, ஆனா அது திருப்பிச் சொல்லாது" என்றானாம். அதற்குப் பிறகு கரையில் அவனுக்குத் தனி மரியாதை. பழைய அனுதாப வரியை அவன் அடியோடு எடுத்தெறிந்தான். இருப்பிடம் தெரியாதவரின் வழியைக் கஜந்தினி முழுதாக எழுதித் தந்தாள். அதை எழுத்துத் தமிழில் வைக்காமல், வீட்டில் கதைக்கிறதுபோலவே தன் குரலில் திரும்பப் பதிந்தாள்.

அடுத்த சனிக்கிழமை யசிந்தா அதே கேள்வியைக் கேட்டாள். இம்முறை மெசின் சட்டம் சொல்லத் தொடங்கவில்லை. ஒரு கேள்வி கேட்டது.

"அன்ரி, அவர் இப்ப எங்கை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

யசிந்தா பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மெசின், "உங்கடை குரல் கேக்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்றது. அவள் இன்னும் பேசவில்லை. மெசின் திரும்பவும் நச்சரித்தது.

"அண்ணை, அதைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ," என்றாள் கஜந்தினி.

"பொறுக்கிற நேரத்தைக் கூட்டலாம். எவ்வளவு கூட்ட?"

கஜந்தினி போன கிழமை தன் விரலை ஒரு வரியில் வைத்திருந்ததை நினைத்திருக்க வேண்டும். "கூட்டவேண்டாம். அந்தக் கேள்விக்கு மட்டும் நேரமே வைக்காதையுங்கோ. அவை சொல்லுமட்டும் அது இருக்கட்டும்."

"மெசின் தூங்கிட்டுது எண்டு சனம் நினைக்கும்."

"நினைக்கட்டும். நாங்கள் பக்கத்திலை இருந்து, இல்லை, கேட்டுக்கொண்டிருக்குது எண்டு சொல்லுவம்."

வாகீசன் அந்த இடத்திலேயே மாற்றினான். எத்தனையோ கெட்டிக்கார மெசின்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுகிற காலம் இது. பேசாமல் இருக்கத் தெரிந்த ஒன்றை அந்த மண்டபத்தில்தான் செய்தார்கள்.

'தெரியாது' என்று யசிந்தா கடைசியில் சொன்னபோது மெசின் காட்டிய வழியில் அவளைத் தனியாகப் போகவிடவும் இல்லை. மனுவைப் பிள்ளைகள் எழுதினார்கள். பிரசாந்தி சிவப்புப் பேனையால் அதை மூன்று தரம் கிழிகிழியென்று கிழித்தார். பிரசாந்தியின் சொல்லுக்காக ஒரு சதமும் வாங்காமல் சட்டத்தரணி சண்முகநாதன் மன்றில் ஏறினார். வழக்கு நாளன்று யசிந்தாவின் ஒரு பக்கம் கஜந்தினி, மறுபக்கம் பிரியந்தினி. தாயும் மகளும் மண்டபத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு அளந்துதான் கதைத்தார்கள்.

நீதிபதி மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "உங்கள் கணவர் இறந்துவிட்டாரா, அம்மா?"

"இருப்பிடம் தெரியாது, ஐயா."

"எங்கெல்லாம் தேடினீர்கள்?"

யசிந்தா சொல்லத் தொடங்கினாள். முகாம்கள், காரியாலயங்கள், கொழும்பு, ஆணைக்குழுக்கள், மன்னார்க் கரை, ஆரோ கண்டதாகச் சொன்ன ஒரு ஆஸ்பத்திரி. சண்முகநாதன் போதும் என்று கை காட்டியும் அவள் நிறுத்தவில்லை. நீதிபதியும் இடைமறிக்கவில்லை. பிரியந்தினி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல இடங்களின் பெயரை அவள் அன்றைக்குத்தான் கேட்கிறாள்.

கணவனின் சம்மதம் இல்லாமலே காணியைக் கைமாற்ற மன்று அனுமதித்தது. வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது பிரியந்தினி கேட்டாள்.

"அம்மா, மன்னாருக்கும் போனனீங்களோ?"

"போகாமல்?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ வந்தனியெல்லோ. மடியிலை நித்திரை."

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பஸ் வரும்வரை விடவில்லை.

மகளின் பெயருக்குக் காணி உறுதி எழுதுகிற நாளில் நொத்தாரிசு முன்னரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். "வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள் யசிந்தா. "குருநகரைச் சேர்ந்த கிறிஸ்ரோபரின் விதவை..." என்று அவர் தொடங்க, "ஐயா, அது 'மனைவி' எண்டு வரோணும்" என்றது ஒரு குரல். சொன்னது யசிந்தா அல்ல, பிரியந்தினி. நீதிமன்றக் கட்டளையின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள். "அப்பாவின்ரை இருப்பிடம்தான் தெரியாது." நொத்தாரிசு ஒருதரம் கட்டளையையும் ஒருதரம் பெட்டையையும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தார்.

அடுத்த சனிக்கிழமை யசிந்தா ஒரு பாத்திரம் நிறைய இறால் பொரியலோடு மண்டபத்துக்கு வந்தாள். றோஸும் இன்னும் மூன்று பேரும் கூட வந்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டது. மரணப் பத்திரம் எடுத்தபிறகு என்ன செய்யலாம் என்ற றோஸின் கேள்விக்கு மெசினிடம் விடையில்லை. பிரசாந்தி, தனக்கும் உடனே தெரியாது, தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்று வெட்கப்படாமல் சொன்னார்.

"அக்கா, கஜந்தினிக்கு எத்தினை புள்ளி?" என்று கேட்டார் பிரசாந்தி.

"நூறு. தம்பிக்கும் நூறு. அந்த மெசினுக்கு மட்டும் ஒண்டு குறைச்சுப் போடுங்கோ."

"ஏன் அன்ரி?" வாகீசனுக்குச் சிரிப்பு.

"இன்னும் ஒரு கேள்வி கிடக்கு. அதுக்கும் பதில் சொல்லிச்செண்டாத் தாறன்."

இறால் தின்ற கையோடு எல்லாரும் கிட்ட வந்தார்கள். கஜந்தினி கைபேசியை யசிந்தாவின் பக்கம் தள்ளி வைத்தாள். யசிந்தா கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பிள்ளை, அவர் வந்தாப் பிறகு, அந்தக் கையெழுத்தை அவரிட்டையும் ஒருக்கா வாங்கலாமோ?"